பேஸ் கிட்டாருக்குத் தட்டைத் தந்தி போடுங்கள், தம்பிகளே!

ஆர்க்கெஸ்ட்ராவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் பிள்ளைகளோடு எனக்கு இருக்கும் சண்டை ஒன்றே ஒன்றுதான். அது தந்திச் சண்டை. அவர்கள் வாசிப்பில் எனக்குக் குறை இல்லை. இன்றைய பையன்களின் விரல் வேகம் எங்கள் காலத்தில் இந்தப் பக்கத்து மேடைகளில் நான் பார்க்காதது; அதை மனசாரச் சொல்கிறேன். ஆனால் பழைய பாட்டுக் கச்சேரிக்கு அவர்கள் மாட்டிக்கொண்டு வரும் தந்தி தப்பு. "அவரவர் ருசி" என்று சொல்லித் தள்ளிவிடக்கூடிய தப்பு இல்லை இது. நாற்காலி போட்டு முன்னால் உட்கார்ந்திருக்கும் வயசானவர்களுக்குப் பாட்டின் வார்த்தையைக் கேட்கவிடாமல் செய்கிற தப்பு.

"தந்தியில் என்ன இருக்கிறது, பெருசு ஏதோ உளறுகிறது" என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

மேடையில் நாலு தடித்த தந்தியும் நீளக் கழுத்தும் உள்ள கிட்டாரை மாட்டிக்கொண்டு, ட்ரம்ஸ்காரர் பக்கத்தில் அசையாமல் ஒருவர் நிற்பாரே, அவர்தான் பேஸ் கிட்டார்காரர். அவரை யாரும் பார்ப்பதில்லை. பாடகருக்குச் சால்வை, கீபோர்டுக்காரருக்குக் கைதட்டல், இவருக்கு டீ மட்டும். எங்கள் தொட்டியம் மதுரகாளியம்மன் கோயில் பங்குனித் தேரைப் பார்த்தவர்களுக்கு ஓர் உவமை சொல்கிறேன். வெளியூர்த் தேர் மாதிரி வடம் பிடித்து இழுப்பதில்லை. எங்கள் ஊரில் தேரைத் தோளில் தூக்குவார்கள். ஊர் முழுக்க மேலே இருக்கும் அம்மனைத்தான் பார்க்கும். கீழே கட்டையைச் சுமக்கும் தோளை யார் பார்க்கிறார்கள்? ஆனால் அந்தத் தோள் இல்லாவிட்டால் தேர் ஏது? பேஸ் கிட்டார் அந்தத் தோள். நான் முப்பது வருடம் ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாளும் அந்தத் தோளாக இருந்தவன். அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

இனி தந்திக்கு வருகிறேன். பேஸ் கிட்டார் தந்தி ஒற்றைக் கம்பி இல்லை. நடுவில் ஓர் எஃகுக் கம்பி. அதன்மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். கனம் சேர்ந்தால்தான் சுருதி கீழே இறங்கும். அந்த மேல் சுற்றில்தான் இரண்டு ஜாதி. உருண்டைக் கம்பியால் சுற்றினால் அதற்கு ரவுண்ட்வவுண்ட் என்று பெயர். நாடா மாதிரி தட்டையான தகட்டுக் கம்பியால் சுற்றினால் பிளாட்வவுண்ட். நான் இங்கே உருட்டுத் தந்தி, தட்டைத் தந்தி என்றே எழுதுகிறேன்.

வித்தியாசம் புரிய வேண்டுமா? கயிற்றுக் கட்டிலையும் நாடாக் கட்டிலையும் நினைத்துக்கொள்ளுங்கள். சட்டையில்லாமல் கயிற்றுக் கட்டிலில் ஒரு மத்தியானம் படுத்து எழுந்தால் முதுகெல்லாம் வரிவரியாக இருக்கும். நாடாக் கட்டிலில் அந்தத் தொந்தரவு இல்லை. உருட்டுத் தந்தியில் விரலை ஓட்டினால் அரத்தில் ஓட்டுவது போல வரிவரியாகத் தட்டும். கூடவே "கீச்" என்று ஒரு சத்தம். தட்டைத் தந்தியில் விரல் வழுக்கிக்கொண்டு போகும். சத்தமும் அப்படியே. உருட்டுத் தந்தி "ட்ஜங்ங்" என்று உலோகமாக ஒலித்து நீண்டு நிற்கும். தட்டைத் தந்தி "தொம்" என்று விழுந்து, உருண்டு, அடங்கும். மிருதங்கத்தின் தொப்பி மாதிரி.

மிருதங்கம் என்றதும் இங்கேயே ஒன்று கேட்டுவிடுகிறேன். கச்சேரிக்கு முன்னால் மிருதங்க வித்வான் இடந்தலையில் ரவையைப் பிசைந்து அப்புகிறாரே, எதற்கு? அந்தத் தோலின் கீச்சு அடங்கி, சுருதி கீழே இறங்கி, கும்மென்று ஒலிக்க வேண்டும் என்பதற்காக. ரவை அப்பாத தொப்பியோடு மேடையேறுகிற வித்வானைப் பார்த்திருக்கிறீர்களா? தாழ்ந்த ஒலி மழுமழுவென்று இருக்க வேண்டும் என்பது நம் பாட்டன் முப்பாட்டனுக்குத் தெரிந்த விஷயம். அமெரிக்காக்காரன் சொல்லித்தந்தது இல்லை.

அமெரிக்காக்காரன் என்ன செய்தான் என்பதையும் பார்ப்போம். லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸ் என்ற மின்சார பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் அந்த வேலையை ஆள் உயர டபுள் பேஸ் செய்துகொண்டிருந்தது. டபுள் பேஸ் வாசித்தவர்கள் தூக்கிச் சுமக்க முடியாமல் இதற்கு மாறினார்கள். அவர்கள் காதுக்குப் பழகிய அந்தப் பெரிய, உருண்ட ஒலி இதிலும் வேண்டுமென்று தட்டைத் தந்தியே போட்டார்கள். போதாதற்கு, அந்தக் கிட்டாரின் பாலத்துக்கு மேலே இருந்த உலோக மூடிக்குள் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டும் ஒட்டி வந்தது, மீதிச் சிணுங்கலையும் அடக்க.

டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் கம்பெனியில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒருவர் இருந்தார். 1960களில் அந்தக் கம்பெனி வெளியிட்ட ஏராளமான பாட்டுகளுக்கு பேஸ் அவர்தான். லா பெல்லா கம்பெனியின் தடித்த தட்டைத் தந்தி. ஒற்றை விரலால் மீட்டுவார். தந்தி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். தந்தியில் சேர்ந்த அழுக்கில்தான் ஒலியின் உயிர் இருக்கிறது என்று நம்பியவர். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் பேஸிலும் தட்டைத் தந்திதான். நம் தலைமுறை உலகத்தில் எங்கே எந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தாலும், கீழே ஓடியது பெரும்பாலும் இந்த ஒலிதான்.

உருட்டுத் தந்தி பேஸுக்குப் பிரபலமாக வந்தது 1960களின் நடுவில், இங்கிலாந்தில். தி ஹூ என்ற ராக் குழுவின் ஜான் என்ட்விஸ்டில், தன் பேஸ் பியானோ மாதிரி கணீரென்று முன்னால் கேட்க வேண்டும் என்று ரோட்டோசவுண்ட் கம்பெனியோடு உட்கார்ந்து அப்படி ஒரு தந்திக்கு வழி செய்தார். அவர் இசைக்கு அது சரி. மூன்று பேர் வாசிக்க ஒருவர் பாடும் குழு. பேஸும் முன்னால் வந்து பேச வேண்டும். அது அவர்கள் தேவை. அதை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து தொட்டியத்திலும் முசிறியிலும் எம்.எஸ்.வி. பாட்டுக்கு மாட்டுவானேன்?

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் ராத்திரி பத்து மணிக்கு மேல் "பழைய பாட்டு போடுங்கப்பா" என்று சீட்டு வராத மேடை இல்லை. கேட்பவர்கள் யார்? அறுபதும் எழுபதும் தாண்டியவர்கள். வாழைத்தோட்டத்தில் வேலை முடித்துக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள். அவர்களுக்கு வேண்டியது மெட்டு மட்டும் இல்லை, வார்த்தை. கண்ணதாசன் என்ன சொன்னார், வாலி என்ன சொன்னார் என்று வார்த்தை வார்த்தையாகக் கூடவே முணுமுணுப்பார்கள். வாலி ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். அந்தப் பெருமையும் நமக்கு உண்டு.

வயசானால் காது எப்படி மங்குகிறது என்று காது டாக்டரைக் கேட்டுப் பாருங்கள். முதலில் போவது உச்ச ஒலிகள். கீழ் ஒலிகள் கடைசி வரை ஓரளவு நிற்கும். பேச்சிலும் பாட்டிலும் உயிரெழுத்துக்குச் சத்தம் அதிகம்; அது கீழ்ப் பக்கம் இருக்கிறது. க, ச, த, ப என்ற வல்லின மெய்களின் அடையாளம், குறிப்பாக இந்த ச, த இரண்டும், பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலும் அதற்கு மேலும் இருக்கிறது. நமக்கு மங்கிப்போவது அந்த இடம்தான். அதனால்தான் "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னு புரியல" என்று நாம் எல்லோரும் ஒரே பாட்டுப் பாடுகிறோம்.

பேஸ் கிட்டாரின் நாலு தந்திகளைத் திறந்து மீட்டினால் வரும் சுரங்கள் கீழிருந்து மேலாக ஏறக்குறைய 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். அது பாதாளம். அங்கே பாடகர்கள் பெரும்பாலும் வருவதில்லை. அதாவது பேஸ் தன் இடத்தில் இருந்தால் பாடகரோடு இடிக்கவே இடிக்காது. ஆனால் உருட்டுத் தந்தி என்ன செய்கிறது? 41-இல் இருக்க வேண்டியதோடு, தந்தி ஃப்ரெட்டில் மோதும் "டக்" சத்தம், விரல் உரசும் "கீச்", உலோகச் சிணுங்கல் எல்லாவற்றையும் மேலே ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம் ஹெர்ட்ஸ் வரை தெளிக்கிறது. வார்த்தையின் மெய்யெழுத்து உட்கார்ந்திருக்கும் நாற்காலி அது. ஏற்கெனவே நமக்கு அங்கே பாதிதான் கேட்கிறது. மீதிப் பாதியில் இந்தத் தம்பி காலைத் தூக்கிப் போடுகிறார்.

தேர் தூக்குகிறவர் ஒவ்வொருவரும் கையில் ஜால்ராவையும் வைத்துத் தட்டிக்கொண்டே நடந்தால் எப்படி இருக்கும்? அதுதான் இது.

நான் இதைச் சொல்லும்போதெல்லாம் ஆர்க்கெஸ்ட்ராப் பையன்கள் சில பதில்களை வரிசையாகச் சொல்வார்கள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் பதில்: "அண்ணே, தட்டை ஸ்ட்ரிங் போட்டா கூட்டத்துல பேஸ் கேக்கவே கேக்காது."

இது ஒரு காலத்தில் உண்மை. அப்போது பந்தலைச் சுற்றிக் கூம்புக் குழாய்கள்தான். சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே கூம்பால் எதையும் ஒழுங்காகக் கொடுக்க முடியாது. நான் மேடையில் தொம் என்று வாசித்தால் ஆற்றங்கரையில் கேட்டது வெறும் "டொக்". ஆனால் இன்று கூம்புக்குத் தடை. மைக்செட்காரர் லாரியில் கொண்டுவந்து இறக்குவது ஆள் உயர பேஸ் பாக்ஸ். அது நெஞ்சுக்கூட்டை அதிர வைக்கிறது. கீழ் ஒலிக்கென்றே தனிப் பெட்டி வந்து நிற்கும்போது, கூம்புக் காலத்துக்குச் சொன்ன சமாதானத்தை ஏன் இன்னும் சொல்கிறீர்கள்? தட்டைத் தந்தியில் மேல்சுரமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். அடிப்படைச் சுரத்தின் இரண்டாவது, மூன்றாவது, நாலாவது மடங்குகள் நன்றாகவே இருக்கும். சுரத்தைக் காது அடையாளம் காண அவை தாராளமாகப் போதும். போவது உச்சியில் இருக்கும் சலசலப்பு மட்டும்.

இரண்டாவது பதில்: "டோன் குமிழைத் திருகிக் குறைச்சுக்கறேன்."

குறைக்கலாம். ஆனால் தந்தியின் குணம் மாறாது. உருட்டுத் தந்தியின் ஒலி நீண்டு நிற்கும். தட்டைத் தந்தியின் ஒலி விழுந்து அடங்கும். பழைய பாட்டுக்கு அந்த அடக்கம் வேண்டும். தபேலாவும் பாங்கோஸும் நடக்க இடம் விட்டு பேஸ் ஒதுங்க வேண்டும். குமிழ் அதைச் செய்யாது. மேலும், நீங்கள் மேடையில் குறைத்ததை அங்கே மிக்சரில் உட்கார்ந்திருப்பவர் "டல்லா இருக்கே" என்று ஏற்றிவிடுவார். குழம்பில் காரம் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றுவதைவிடக் காரத்தைக் குறைத்துப் போடுவது மேல்.

மூன்றாவது பதில்: "அதெல்லாம் தாத்தா காலத்து ஸ்ட்ரிங். ராக் எல்லாம் வாசிக்க முடியாது."

அயர்ன் மெய்டன் என்று ஒரு குழு. பெயரைக் கேட்டாலே உங்கள் வயதுப் பிள்ளைகள் கையைத் தூக்கிக் கொம்பு காட்டுவீர்கள். அதன் பேஸ் வாசிப்பவர் ஸ்டீவ் ஹாரிஸ். குதிரை ஓட்டம் மாதிரி வாசிப்பார். அவர் போடுவது தட்டைத் தந்தி. என்ட்விஸ்டிலுக்கு உருட்டுத் தந்தி செய்து கொடுத்த அதே ரோட்டோசவுண்ட், ஹாரிஸ் பெயரிலேயே தட்டைத் தந்தி செட் போட்டு விற்கிறது. அவர் இன்னும் புதுசாகவே இருக்கட்டும் என்று அடிக்கடி மாற்றுகிறவர், அது வேறு கதை. தாத்தா தந்தியில் வாசிக்க முடியாது என்ற பேச்சு மட்டும் இனி வேண்டாம்.

நாலாவது பதில்: "விலை, அண்ணே."

இதற்குத்தான் நான் கோபப்படுவதில்லை. நியாயமான கேள்வி. தட்டைத் தந்தி செட், சாதாரண உருட்டுத் தந்தி செட்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. ஒரு கச்சேரிச் சம்பளம் போய்விடும். ஆனால் கணக்கை முழுதாகப் போடுங்கள். உருட்டுத் தந்தியின் பள்ளங்களில் வியர்வையும் அழுக்கும் போய் உட்காரும். சித்திரை வெயிலில் பந்தலுக்குள் நாலு மணி நேரம் நின்று வாசித்தால் எவ்வளவு வியர்க்கும் என்று எனக்குத் தெரியும். சில வாரத்தில் அதன் பளபளப்பு செத்துவிடும். எந்தப் பளபளப்புக்காக வாங்கினீர்களோ அதுவே போய்விடும். அப்புறம் வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்து மறுபடி மாட்டுவது, அதுவும் இரண்டு நாளில் தீர்ந்து புதுசு வாங்குவது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பியிடம் மலைக்கோட்டைப் பக்கத்துக் கடை ஒன்றில் "மாசம் ஒரு செட் மாத்தணும், இல்லேன்னா சவுண்டு வராது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். விற்பவர் வேறெதைச் சொல்வார்?

தட்டைத் தந்தியில் அழுக்கு தங்கப் பள்ளம் இல்லை. முதல் சில வாரம் கொஞ்சம் கணீரென்று இருக்கும், பிறகு பழுத்துவிடும், பழுத்த பின் வருடக்கணக்காக அப்படியே நிற்கும். வெளிநாட்டுச் சாமான் எளிதில் கிடைக்காத அந்த நாளில், சிங்கப்பூரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் எனக்கு ஒரு செட் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்பது வருடம் வாசித்தேன். வாசித்து முடித்ததும் துணியால் துடைப்பேன், அவ்வளவுதான். இன்னொரு லாபமும் உண்டு. உருட்டு எஃகுத் தந்தி ஃப்ரெட்டை அரித்துத் தின்னும். ஃப்ரெட் மாற்றும் கூலி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். தட்டைத் தந்தி அந்த அளவுக்குத் தேய்க்காது.

பதில்கள் முடிந்தன. இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். நம் சங்கீதம் எப்படிப்பட்டது? ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்குப் படியேறிப் போவதா, வழுக்கிக்கொண்டு போவதா? கமகம் இல்லாமல் நம் பாட்டு உண்டா?

வீணை வாசிப்பவர்களைப் பாருங்கள். பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் இருக்கும். இடக்கை விரலில் தொட்டுத் தொட்டு வாசிப்பார்கள். தந்தியில் விரல் தடையில்லாமல் ஓட வேண்டும், உரசல் சத்தம் வரக் கூடாது என்பதற்காக. வயலினைப் பாருங்கள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் நம் மேடைக்கு வந்த வெள்ளைக்கார வாத்தியம் அது. அதன் கீழ்த் தந்திகளின் மேல் சுற்று எது தெரியுமா? தட்டை நாடா. வில் இழுக்கவும் விரல் வழுக்கவும் வழவழப்பாக இருக்க வேண்டும் என்று. லால்குடி ஜெயராமன் வாசிப்பில் ஒவ்வொரு ஜாருவிலும் "கீச் கீச்" என்று கேட்டால் அதை யாராவது பாடும் வயலின் என்று சொல்லியிருப்பார்களா?

"தம்பூராவில் ஜீவா நூல் வைத்து வேண்டுமென்றே ரீங்காரம் வரவழைக்கிறோமே, அதில் மேல்சுரம் இல்லையா?" என்று ஒரு சங்கீத நண்பர் என்னை மடக்கினார். நல்ல கேள்வி. ஆனால் தம்பூராவில் யாரும் விரலை ஓட்டுவதில்லை. திறந்த தந்தி, ஒரே சுருதி, பின்னணியில் சன்னமாக. அந்த ரீங்காரம் பாடகரின் சுருதியிலேயே கரைந்துவிடும். பேஸ் கிட்டாரின் ஃப்ரெட் சத்தம் எந்தச் சுருதியிலும் சேராது. அது வெறும் தட்டுமுட்டு.

சினிமா இசைக்கு வருவோம். விஸ்வநாதன் ராமமூர்த்தி இரட்டையரில் டி.கே. ராமமூர்த்தி நம் திருச்சிக்காரர், வயலின்காரர். 1952-இல் "பணம்" தொடங்கி 1965 வரை அவர்கள் சேர்ந்து போட்ட பாட்டுகளின் அடியில் ஓடும் தாழ்ந்த ஒலியைக் கூர்ந்து கேளுங்கள். அது முன்னால் வந்து நிற்காது. டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும் நடக்கும் பாதையில் ஜமக்காளம் விரித்தது மாதிரி கிடக்கும். பிறகு இளையராஜா வந்து பேஸை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனார். அவர் குழுவில் சசிதரன் வாசித்த பேஸ், பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டாகவே ஓடும். "மூடுபனி" (1980) படத்தில் ஜேசுதாஸ் பாடும் அந்தக் கிட்டார் பாட்டை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். பேஸ் தனியாக ஒரு மெட்டுப் பாடிக்கொண்டு போகும். ஆனாலும் ஜேசுதாஸின் ஒரு எழுத்தைக்கூட அது தொடாது. அதுதான் மரியாதை. அந்தப் பாட்டை மேடையில் உருட்டுத் தந்தியில், புத்தம் புது பளபளப்போடு வாசித்துக் கேட்டிருக்கிறேன். இரண்டு மெட்டும் கட்டிப் புரண்டு சண்டை போட்டன.

எல்லாப் பாட்டுக்கும் தட்டைத் தந்திதான் என்று நான் அடம் பிடிக்கவில்லை. கட்டைவிரலால் தந்தியை அடித்து, சுட்டுவிரலால் சுண்டி இழுத்து வாசிக்கும் ஸ்லாப் பாணிக்கு உருட்டுத் தந்தியே சரி. தட்டைத் தந்தியில் அது சப்பென்று இருக்கும். புதுப் பாட்டுகளில் பேஸ் கடகடவென்று முன்னால் வர வேண்டிய இடங்கள் நிறைய உண்டு. கல்லூரி விழாவுக்கு வாசிக்கும் குழு என்றால் உங்கள் இஷ்டம். நான் பேசுவது நம் ஊர்த் திருவிழாவில், கல்யாண வரவேற்பில், அறுபதாம் கல்யாணத்தில், ராத்திரி முழுக்கப் பழைய பாட்டையே விற்றுச் சம்பாதிக்கும் குழுக்களைப் பற்றி. எந்தப் பாட்டு சோறு போடுகிறதோ அந்தப் பாட்டுக்கு ஏற்ற தந்தி போடுங்கள் என்கிறேன்.

சரி, வாங்குவதென்று முடிவு செய்தால் எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் உங்கள் கிட்டாரின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். தலைப்பக்க நட்டிலிருந்து பாலம் வரை 34 அங்குலம் இருந்தால் லாங் ஸ்கேல். ஹாஃப்னர் மாதிரி 30 அங்குலம் இருந்தால் ஷார்ட் ஸ்கேல். தட்டைத் தந்தியை நீளம் மாற்றி வாங்கிவிட்டு வெட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தடித்த பாகத்தை முளையில் சுற்றினால் சுற்று பிரிந்துவிடும்.

அடுத்து தடிமன். மெல்லியதிலிருந்து தடித்தது வரை 45 முதல் 105 வரை, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கு, பொதுவான அளவு. ஜேமர்சன் போட்டது அதைவிடத் தடிமன். அதை அழுத்த விரல் இரும்பாக இருக்க வேண்டும். தட்டைத் தந்தி பொதுவாகவே கொஞ்சம் விறைப்பு அதிகம். கை நோகும் என்று பயப்படுகிறவர்களுக்கு வியன்னாவின் தோமாஸ்டிக் கம்பெனி செய்யும் தட்டைத் தந்தி மெதுவாக, வளைந்து கொடுக்கும். வயலின்காரர்களுக்குத் தெரிந்த டாமினன்ட் தந்தி செய்கிறார்களே, அதே கம்பெனிதான். ஆனால் விலை இன்னும் அதிகம். நடுத்தரத்தில் டடாரியோ குரோம்ஸ் இருக்கிறது. ஆரம்பத்தில் கொஞ்சம் கணீர், போகப் போகப் பதமாகும். உருட்டுத் தந்தியிலிருந்து மாறுகிறவர்களுக்கு அது நல்ல முதல் படி.

மாட்டும்போது ஒன்றை மறக்க வேண்டாம். மிச்ச நீளத்தை வெட்டுவதற்கு முன்னால், வெட்டும் இடத்துக்குக் கொஞ்சம் முன்பே தந்தியைச் செங்குத்தாக மடக்கிவிட்டு, அப்புறம் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் மேல் நாடா உள்ளே நழுவித் தந்தி செத்துப்போகும். விறைப்பு மாறுவதால் கழுத்து லேசாக வளையலாம். கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடைத் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரி செய்துகொள்ளுங்கள். கால் சுற்று போதும். முரட்டுத்தனமாகத் திருகினால் கழுத்து போய்விடும்.

காசே இல்லை என்கிற தம்பிக்கும் வழி உண்டு. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் சொரசொரப்பு இல்லாத பக்கத்தை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, பாலத்தை ஒட்டித் தந்திகளுக்கு அடியில் செருகுங்கள். ஃபெண்டர் 1951-இலேயே செய்த வேலைதான். தட்டைத் தந்தி ஆகிவிடாது. ஆனால் அந்தச் சிணுங்கலும் நீட்டலும் பாதிக்கு மேல் அடங்கும். செலவு பத்து ரூபாய். பழைய பாட்டு முடிந்ததும் உருவி எடுத்துவிட்டுப் புதுப் பாட்டுக்குப் போகலாம்.

விழாக் கமிட்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது எத்தனை பாடகர், எத்தனை டான்ஸ், எத்தனை லைட் என்று பேரம் பேசுகிறீர்கள். "பழைய பாட்டுக்கு வார்த்தை கேட்கணும்" என்று ஒரு நிபந்தனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் கூடுதலாக ஒரு பைசா ஆகாது. அந்த மேடைக்கு முன்னால் கடைசியாக எழுந்து போகிறவர்கள் வயசானவர்கள்தான். பையன்கள் பத்து பாட்டு கேட்டுவிட்டு ராட்டினம் பக்கம் போய்விடுவார்கள். பனி விழ விழத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நாம்தான்.

நம் காதில் மிச்சம் இருப்பது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் கண்ணதாசனும் வாலியும் தெளிவாக விழட்டும். பேஸ் கீழே இருந்து தூக்கட்டும். மேலே வந்து மறைக்க வேண்டாம். இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலோ தெருவிலோ பேஸ் கிட்டார் வாசிக்கும் பிள்ளை யாராவது இருந்தால், அடுத்த திருவிழா வருவதற்குள் இதைப் படித்துக் காட்டுங்கள். கேட்கவில்லை என்றால் ஸ்பாஞ்சை நீங்களே வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள்.